‘வாயுப் பிடிப்புதான்’ என்றார்... தோலுக்கடியில் பொரிபோல் நொறுங்கியது!

நள்ளிரவு தாண்டி 2.30 மணி இருக்கும். கும்பகோணம் பக்கம் ஒரு கிராமம். ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. கணவரின் நெஞ்சில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த அந்த அம்மாவின் விரல்கள் சட்டென்று நின்றன. இடது தோள்பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில், தோலுக்கு அடியில் ஏதோ நொறுங்கியது.

மறுபடி மெதுவாக அழுத்திப் பார்த்தார். நறநறவென்று அதே நொறுங்கல். ஆயுத பூஜைக்கு வாங்கிய பொரியைப் பையோடு சேர்த்து அமுக்கினால் எப்படி இருக்கும், அப்படி. சத்தம் காதில் விழுந்ததா, விரலில் மட்டும்தான் தெரிந்ததா என்று இன்று கேட்டாலும் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

“என்னங்க... இங்க ஏதோ பொரி மாதிரி இருக்குங்க.”

“சும்மா தேய்டி. வாயு கலையுது.”

பெரியவருக்கு வயது 64. நெல் அரவை மில்லில் 30 வருஷம் ஃபிட்டராக இருந்தவர். முந்தைய நாள் காலையில் வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போய்த் திரும்பியதிலிருந்தே இடது விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னவென்று கேட்டதற்கு, “வாயுப் பிடிப்பு” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

நம் வீடுகளில் அந்த ஒரு வார்த்தை போதும். முதுகு வலித்தால் வாயு, தோள் இறங்கினால் வாயு, மாரடைப்பே வந்தாலும் முதல் அரைமணி நேரத்துக்கு அது வாயுதான். அந்த அம்மாவும் வழக்கப்படி ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தார். ராத்திரி ரசத்தில் பூண்டைக் கூடத் தட்டிப் போட்டார். மோரில் பெருங்காயம் கரைத்தார். எதற்கும் வலி கேட்கவில்லை. இருமும்போதெல்லாம் பெரியவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். படுத்தால் குத்துகிறது என்று சுவரில் சாய்ந்தபடியே இரவைக் கழித்தார்.

பொழுது விடிந்தபோது அவர் முகம் அவர் முகமாக இல்லை. கழுத்து பருத்து, தாடையும் கழுத்தும் ஒன்றாகிவிட்டிருந்தன. இடது கன்னம் உப்பி, கண் பாதி மூடியிருந்தது. “காபி குடு” என்று அவர் கேட்டபோதுதான் அம்மாவுக்கு உண்மையான பயம் வந்தது. குரல் மாறியிருந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு யாரோ பேசுவதுபோல் இருந்தது.

பக்கத்து வீட்டுத் தம்பி மருந்துக் கடைக்கு ஓடினான். “முகம் வீங்கியிருக்கு” என்று சொன்னதும் கடையில் அலர்ஜி மாத்திரை கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. திடீரென்று முகம் வீங்கினால் எல்லோருக்கும் முதலில் அலர்ஜிதான் நினைவுக்கு வரும். மீனோ, பூச்சிக்கடியோ, புது மாத்திரையோ ஒத்துக்கொள்ளாமல் வருகிற வீக்கம். மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். அதற்குள் வலது கண்ணும் சுருங்கத் தொடங்கியது. ஆட்டோ பிடித்து தாலுகா மருத்துவமனைக்குக் கிளம்பினார்கள்.

இரண்டு விரல் சொன்ன சேதி

பணியில் இருந்தவர் இளம் பெண் மருத்துவர். அந்த அம்மா எதுவும் சொல்வதற்கு முன்பே அவர் பெரியவரின் கழுத்தில் இரண்டு விரல்களை வைத்து லேசாக அழுத்தினார். பிறகு கன்னம், தோள், மார்பு. பனியனைத் தூக்கச் சொல்லி முதுகுப் பக்கமும் தடவினார். இடது விலாவின் பின்பக்கம் சிராய்ப்பு ஒன்று இருந்தது.

“இது என்ன ஐயா?”

“கட்டில் சட்டம் இடிச்சுச்சும்மா.”

மருத்துவர் அந்த அம்மாவின் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். “தொட்டுப் பாருங்க. நொறுநொறுன்னு இருக்குல்ல? தோலுக்கு அடியில காத்து புகுந்திருக்கும்மா.”

“ராத்திரியே எனக்குக் கையில தெரிஞ்சுது டாக்டர். இவர்தான் வாயுன்னாரு...”

மருத்துவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஒரு விதத்துல அவர் சொன்னது சரிதாம்மா. ஆனா இருக்கக்கூடாத இடத்துல இருக்கு.”

தோலுக்கு அடியில் காற்று சேரும் இந்த நிலையை மருத்துவர்கள் ‘சப்குட்டேனியஸ் எம்ஃபிசீமா’ என்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்கும் முதல் கருவி விரல்தான். கால் வீக்கம்போல நீர் கோத்த வீக்கமாக இருந்தால், அழுத்தி எடுத்த இடத்தில் குழி விழும். சீழ் கோத்த வீக்கம் சிவந்து, சூடாக, தொட்டாலே வலிக்கும். அலர்ஜி வீக்கம் மெத்தென்று இருக்கும், நொறுங்காது. காற்று வீக்கம் மட்டும்தான் இப்படி நொறுநொறுக்கும். தோலுக்கு அடியில் உள்ள மெல்லிய திசுக்களுக்கிடையே சிக்கிய சின்னச் சின்னக் குமிழிகள், அழுத்தும்போது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகர்வதால் வருகிற உணர்வு அது. ஸ்டெதாஸ்கோப்பை அந்த இடத்தில் வைத்தால் தலைமுடியை விரலிடுக்கில் வைத்துத் தேய்ப்பதுபோல் கேட்கும். காற்று இதயத்தைச் சுற்றியும் சேர்ந்திருந்தால், ஒவ்வொரு துடிப்புக்கும் ஒருமுறை அந்த நொறுங்கல் கேட்பதும் உண்டு. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த லூயிஸ் ஹாம்மன் 1930-களில் விவரித்த அடையாளம் அது. இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது.

ஆக, என்ன வந்திருக்கிறது என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. காற்று எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. அதற்கு விரல் போதாது. நோயாளி வாயைத் திறக்க வேண்டும்.

“எங்கயாவது விழுந்தீங்களா ஐயா?”

“இல்லம்மா.”

“வண்டியில அடிபட்டுச்சா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல.”

மருத்துவர் அடுத்தடுத்து கேட்டுக்கொண்டே போனார். ஆஸ்துமா உண்டா? நாள்பட்ட இருமல் உண்டா? நேற்று பலமாக வாந்தி எடுத்தீர்களா? சமீபத்தில் பல் பிடுங்கினீர்களா? ஏதாவது ஆபரேஷன்? மீன் முள், எலும்பு ஏதாவது தொண்டையில் சிக்கியதா? காய்ச்சல்? எங்காவது ஆறாத புண்?

‘முகம் வீங்கி வந்தவரிடம் பல்லைப் பற்றி எதற்குக் கேட்கிறார்?’ என்று அந்த அம்மாவுக்குக் குழப்பம். ஆனால், அந்தக் கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வழி இருக்கிறது.

காற்று நடமாடும் குழாயோ பையோ உடம்புக்குள் எங்கே கிழிந்தாலும் அது தோலடிக்கு வந்து சேரலாம். அடிக்கடி நடப்பது, விலா எலும்பு முறிந்து நுரையீரலைக் குத்துவது. ஆஸ்துமாவிலோ தொடர் இருமலிலோ நுரையீரலின் நுண்ணிய காற்றறைகள் அழுத்தம் தாங்காமல் உடைந்து, காற்று ரத்தக்குழாய்களை ஒட்டியே மேலே ஊர்ந்து கழுத்துக்கு வருவதும் உண்டு. பிரசவத்தில் மூச்சை அடக்கி முக்கும்போது சில பெண்களுக்கு இப்படி ஆகியிருக்கிறது. லேப்ராஸ்கோப்பி சிகிச்சையில் வயிற்றுக்குள் செலுத்தும் கார்பன் டை ஆக்சைடு வாயு தோலடியில் கசிவதுண்டு. அது பெரும்பாலும் தானாகவே சீக்கிரம் கரைந்துவிடும். வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்கும் வரலாம். கொரோனா காலத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இந்த நொறுங்கலை மருத்துவர்கள் நிறையவே பார்த்தார்கள்.

வாந்தி பற்றிய கேள்விக்கு 300 வருஷத்துக் கதை இருக்கிறது. 1723-ல் நெதர்லாந்தின் கடற்படைத் தளபதி வாசனார், பெரிய விருந்துக்குப் பிறகு வயிறு கனத்ததால் வலிய வாந்தி எடுக்க முயன்றார். அடுத்த நொடி நெஞ்சு கிழிவதுபோல் வலி. ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. லைடன் நகரத்தின் புகழ்பெற்ற மருத்துவர் ஹெர்மன் போயர்ஹாவா உடலைத் திறந்து பார்த்தபோது உணவுக்குழாய் கிழிந்திருந்தது. விருந்தில் சாப்பிட்ட வாத்துக் கறியின் வாசனை மார்புக்குள் அடித்ததாக அவர் எழுதிவைத்தார். பலத்த வாந்தி, உடனே நெஞ்சுவலி, கழுத்தில் இந்தப் பொரி நொறுங்கல் மூன்றும் சேர்ந்து வந்தால் மருத்துவர்கள் இன்றும் ஓடுவது அதனால்தான். அங்கே ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

பல் விஷயம் கொஞ்சம் வேடிக்கை. 1900-ம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் வந்த குறிப்பு. பல் பிடுங்கிக்கொண்டவர், அந்தப் புண்ணோடு பியூகிள் ஊதப்போய் முகம் வீங்கி வந்து நின்றார். ஊதிய காற்று ஈறு வழியே கன்னத்துக்குள் போயிருந்தது. (தஞ்சாவூர்ப் பக்கத்து நாகஸ்வரக் கலைஞர்கள் கவனிக்க: பல் எடுத்தால், எப்போதிலிருந்து வாசிக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.) இப்போது பல் மருத்துவத்தில் காற்றழுத்தத்தில் சுழலும் கருவிகளைப் பயன்படுத்துவதால், அதன் காற்று ஈறுக்குள் புகுந்து வீங்குவதும் எப்போதாவது நடக்கிறது.

காய்ச்சலும் புண்ணும் பற்றிக் கேட்டது இன்னும் தீவிரமான காரணத்துக்காக. சில கிருமிகள் திசுவை அழுகச் செய்து, அங்கேயே வாயுவை உண்டாக்கும். வெளியிலிருந்து காற்று வர வேண்டிய அவசியமே இல்லை. புண்ணைச் சுற்றித் தோல் நிறம் மாறி, தாங்க முடியாத வலியோடு நொறுங்கினால், அது உயிரோடு விளையாடும் சமாச்சாரம். ஒரு ராத்திரிகூடத் தள்ளிப்போடக் கூடாது.

பெரியவர் எல்லாக் கேள்விக்கும் தலையை ஆட்டி ‘இல்லை’ என்றார். ஒன்றுக்கு மட்டும் பதில் சொன்னார்.

“பீடி குடிச்சுக்கிட்டு இருந்தேன். விட்டு 11 வருஷம் ஆச்சு.”

மருத்துவர் அதைக் குறித்துக்கொண்டார்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். ஆக்சிஜன் வைத்தார்கள். இடது நுரையீரல் கொஞ்சம் சுருங்கி, அதைச் சுற்றிக் காற்று நின்றிருந்தது படத்தில் தெரிந்தது. மார்புத் தசைக்குள் காற்று புகுந்து நார்நாராகப் பிரித்திருந்ததால், விசிறியை விரித்து வைத்ததுபோல் கோடுகள். முறிந்த விலா எதுவும் அந்தப் படத்தில் கண்ணுக்குப் படவில்லை. சாதாரண எக்ஸ்ரேயில் விலா முறிவு தப்பிவிடுவது புதிதல்ல. முறிவு பின்பக்கம் இருந்தாலோ, எலும்பு அதிகம் விலகாமல் இருந்தாலோ தெரியாது. இங்கே தோலடிக் காற்று வேறு படத்தைக் குழப்பியிருந்தது.

108 வண்டியில் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். ‘பழைய புகைப்பழக்கம், நுரையீரலில் காற்றுப்பை உடைந்திருக்கலாம்’ என்ற சந்தேகத்தோடு சீட்டு போனது.

பீடி மேல் விழுந்த பழி

மகள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறார். அம்மா போனில் சொன்ன ஆங்கிலப் பெயரைப் பேருந்தில் வரும்போதே மொபைலில் தேடினார். ‘எம்ஃபிசீமா’ என்று அடித்ததும் வந்து விழுந்ததெல்லாம் புகைபிடிப்பவர்களின் நுரையீரல், கருத்த படங்கள், குணப்படுத்த முடியாது என்ற வரிகள். கரூர் தாண்டும்போது அழுதே விட்டார்.

இது பலருக்கும் நேரும் குழப்பம். உப்புதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல் அது. நுரையீரலின் காற்றறைகள் புகையால் சிதைந்து விரிந்துபோகும் நாள்பட்ட நோய்க்கும் அதே பெயர்தான். தோலுக்கு அடியில் காற்று சேர்வதற்கும் அதே பெயர்தான். முன்னால் ‘சப்குட்டேனியஸ்’ என்ற ஒட்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதலாவது வந்தால் போகாது. இரண்டாவது, காரணத்தைச் சரிசெய்துவிட்டால் பெரும்பாலும் சுவடில்லாமல் போய்விடும்.

மகளுக்கு அது தெரியாது. சாயங்காலம் வார்டுக்குள் நுழைந்தார். அப்பாவின் முகத்தைப் பார்த்தார். பலூனில் வரைந்த கண்கள்போல் இரண்டு கோடுகள். அழுகை கோபமாக மாறியது.

“எத்தனை தடவை சொன்னேன் அந்தப் பீடிய விடுப்பான்னு? காலேஜ் படிக்கிறப்பவே சொன்னேன்ல?”

“விட்டுட்டேனேம்மா...” என்றார் பெரியவர், அந்த மூக்கடைத்த குரலில்.

“விட்டது லேட்டு. இப்ப பாரு.”

பெரியவர் மறுத்துப் பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். அம்மாவுக்கே அது ஆச்சரியமாக இருந்தது. பீடியை விட்ட தேதியை நாள் நட்சத்திரத்தோடு சொல்லிப் பெருமைப்படுகிறவர், இன்று மகள் திட்டுவதை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அன்று சாயங்காலமே இடது விலாவுக்கு இடையில் மரத்துப்போகும் ஊசி போட்டு, சின்னதாக வெட்டி ஒரு குழாயைச் செருகினார்கள். குழாயின் மறுமுனை, தண்ணீர் உள்ள பாட்டிலுக்குள். உள்ளே நிற்கும் காற்று குமிழியாக வெளியே வரும், வெளிக்காற்று திரும்ப உள்ளே போக முடியாது. குழாய் போட்ட சற்று நேரத்தில் பாட்டிலில் குமிழிகள் பொங்கின. பெரியவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். இரவே சி.டி ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

மதகுக் கட்டை

காலையில் அறுவை சிகிச்சை மருத்துவர் வந்தார். கம்ப்யூட்டர் திரையில் படத்தை ஓடவிட்டு மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். இடது பக்கம் 8, 9-வது விலா எலும்புகள் பின்புறம் முறிந்திருந்தன. ஒன்றின் முனை ஊசிபோல் உள்நோக்கி வளைந்திருந்தது. நுரையீரலில் பழைய பீடிக் கோளாறு பெரிதாக ஒன்றும் இல்லை.

மருத்துவர் நேராகப் பெரியவரிடம் வந்தார். “ஐயா, கட்டில் சட்டம் இடிச்சு ரெண்டு விலா உடையாது. என்ன நடந்துச்சு?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பாட்டிலில் குமிழி மட்டும் வந்துகொண்டிருந்தது.

“மதகுல சறுக்கிருச்சு.”

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. மழையில் வாய்க்கால் கரை சேறாகிக் கிடந்தது. மதகு திரும்பும்போது மொபெட்டின் பின்சக்கரம் வழுக்கி, பெரியவரைத் தூக்கி மதகின் சிமென்ட் கட்டையில் அடித்தது. கொஞ்ச நேரம் மூச்சே வரவில்லை. பிறகு தானே எழுந்து, வண்டியை நிமிர்த்தி, வாய்க்காலிலேயே வேட்டியை அலசிக் கட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்திருக்கிறார்.

ஏன் மறைத்தார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதேபோல் கடைத்தெருவில் விழுந்து முழங்கை சிராய்த்துக்கொண்டபோது, “இன்னொரு தடவை விழுந்தேன்னு கேள்விப்பட்டா வண்டிய வித்துருவேன்” என்று மகள் சொல்லியிருந்தார். மில் வேலை முடிந்துபோன மனிதருக்கு வயலுக்கும், டீக்கடைக்கும், கூட்டுறவு வங்கிக்கும் யாரையும் எதிர்பார்க்காமல் போய்வர அந்த வண்டி ஒன்றுதான் இருந்தது. அதைப் பறிகொடுப்பதைவிட, விட்டொழித்த பீடியின் பழியைச் சுமப்பது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

மருத்துவருக்குக் கோபம். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. “இடது பக்கம் கீழ் விலா உடைஞ்சா அதுக்கு நேர் கீழ மண்ணீரல் இருக்கு. அது கிழிஞ்சு உள்ளுக்குள்ள ரத்தம் போயிருந்தா? விழுந்ததச் சொல்லியிருந்தா நேத்து முதல் வேலையா வயித்தத்தான் ஸ்கேன் பண்ணியிருப்பாங்க. நீங்க பீடின்னீங்க. எல்லாரும் பீடியத் தேடிக்கிட்டு இருக்கோம்.”

உடனே வயிற்றுக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். மண்ணீரலுக்கு ஒன்றும் இல்லை. அந்தப் பதில் வரும்வரை மகள் ஸ்கேன் அறை வாசலில் நின்ற 20 நிமிடம் பற்றி அவர் இப்போதும் பேச விரும்புவதில்லை.

நடந்தது இதுதான். முறிந்த விலாவின் முனை நுரையீரலைக் குத்தியது. அந்த ஓட்டை வழியே, இழுத்த மூச்சில் கொஞ்சம் வெளியே கசிந்து நுரையீரலைச் சுற்றி நின்றது. மார்பின் உட்சுவரும் அதே இடத்தில் கிழிந்திருந்ததால், இருமும்போதெல்லாம் சைக்கிள் பம்ப்போல அந்தக் காற்று தோலுக்கு அடியில் தள்ளப்பட்டது. அங்கே போன காற்று, திசு எங்கே தளர்வாக இருக்கிறதோ அங்கே பரவும். கழுத்தும் கண் இமையும் தளர்வான இடங்கள். அதனால்தான் அடிபட்டது முதுகில் என்றாலும் மூடியது கண். சிலருக்குக் கீழ்நோக்கி இறங்கி விதைப்பை வரைகூட வீங்கும். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும், தோலடிக் காற்று தன்னளவில் பெரும்பாலும் ஆபத்து செய்வதில்லை. அதை அனுப்பிவைத்த காரணம்தான் ஆபத்து. கழுத்து இறுகி மூச்சு முட்டினாலோ, நுரையீரலைச் சுற்றிக் காற்று ஏறிக்கொண்டே போய் இதயத்தை நெருக்கினாலோ நிமிடங்களில் நிலைமை மாறிவிடும்.

பெரியவருக்கு ஆக்சிஜன் மாஸ்க் வைத்திருந்ததைப் பார்த்து, “மூச்சுதான் நல்லா விடுறாரே, எதுக்கு?” என்று அம்மா கேட்டார். நர்ஸ் சொன்ன விளக்கம் அழகானது. நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவிகிதம் நைட்ரஜன். தோலடியில் சிக்கியிருப்பதும் பெரும்பாலும் அதுதான். ஆக்சிஜனை அதிகமாகச் சுவாசித்தால் ரத்தத்தில் நைட்ரஜன் குறையும். குறைந்த இடத்தை நிரப்ப, தோலடியில் இருக்கும் நைட்ரஜன் ரத்தத்துக்குள் கரைந்து, நுரையீரல் வழியே வெளியேறும்.

குமிழி எண்ணிய நாள்கள்

அடுத்த நாள்களில் அந்த அம்மாவின் உலகம் ஒரு பாட்டிலுக்குள் சுருங்கிவிட்டது. அது எப்போதும் நெஞ்சு மட்டத்துக்குக் கீழேதான் இருக்க வேண்டும், சாயக் கூடாது, குழாய் மடங்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பார்க்க வந்த சொந்தக்காரர்களைக் கட்டிலுக்கு அந்தப் பக்கமே நிறுத்திவைத்தார். கூட்டுகிற ஆயாம்மாவிடம், “பாத்தும்மா, பாட்டிலு” என்று தினமும் இரண்டு தடவை சொன்னார். பெரியவரை இருமச் சொல்லிவிட்டு எத்தனை குமிழி வருகிறது என்று எண்ணுவார். முதல் நாள் எண்ண முடியவில்லை. மூன்றாம் நாள் இருமினால் நாலைந்து. ஐந்தாம் நாள் ஒன்றுகூட வரவில்லை. அம்மா பயந்துபோய் நர்ஸைக் கூப்பிட்டார். நர்ஸ் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்த்தார். உள்ளே தண்ணீர் மட்டம் மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கியது. “அடைக்கலம்மா. ஓட்டை மூடியிருக்கணும்” என்றார்.

மூன்று பந்துகள் உள்ள பிளாஸ்டிக் கருவி ஒன்றையும் கொடுத்திருந்தார்கள். பெரியவர் மில் வேலையில் பழகியவர், கருவி என்றதும் ஆர்வமாக வாங்கி பலமாக ஊதினார். பந்து அசையவில்லை. “ஊதாதீங்க ஐயா, உறிஞ்சுங்க” என்று தினமும் திட்டு விழுந்தது. விலா வலிக்குப் பயந்து மூச்சை மேலோட்டமாக விட்டால் சளி கட்டி நிமோனியா வரும் என்பதால் வலி மாத்திரை போட்டுக்கொண்டே அந்தப் பயிற்சியைச் செய்யச் சொன்னார்கள். விலாவைச் சுற்றி இறுக்கிக் கட்டுப்போடவும் கூடாது, தேய்க்கவும் கூடாது என்று அம்மாவிடம் தனியாகச் சொன்னார்கள். தைலப் புட்டியை அவர் பையின் அடிக்குத் தள்ளினார்.

நாலாம் நாள் காலையில் பெரியவரின் வலது கண் திறந்தது. எதிரே முதலில் தெரிந்தது மகள். “எப்பம்மா வந்த?” என்றார். அவர் வந்து மூன்று நாளாகிறது, சண்டையும் போட்டாகிவிட்டது. மகள் சிரித்துவிட்டார்.

மகள் கம்பெனிக்கு லீவு நீட்டிக்கப் போன் செய்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. தைக்கும் மெஷினில் சேரும் பஞ்சுத்தூசியை அங்கே கம்ப்ரஸர் குழாய் வைத்து ஊதித் தள்ளுவார்கள். பையன்கள் அதே குழாயைச் சட்டைமேல் பிடித்துத் தூசி தட்டுவதும், விளையாட்டுக்கு ஒருவர்மேல் ஒருவர் பிடிப்பதும் வழக்கம். கையில் சின்ன வெட்டுக்காயம் இருந்தால் போதும், அந்த அழுத்தத்தில் காற்று தோலுக்குள் ஏறிவிடும் என்று மருத்துவர் சொன்னதை மகள் சூப்பர்வைசரிடம் சொன்னார். “அதெல்லாம் நடக்குமா மேடம்?” என்று அவர் நம்பவில்லை. மகள் அப்பாவின் முதல் நாள் போட்டோவை அனுப்பினார். காரணம் வேறாக இருந்தாலும் காற்று என்ன செய்யும் என்று அதைப் பார்த்தால் தெரியும். பதிலுக்கு ஒன்றும் வரவில்லை. திரும்பிப் போனபோது கம்ப்ரஸர் பக்கத்தில் ‘உடம்பில் பிடிக்காதே’ என்று ஒரு அட்டை ஒட்டியிருந்தது.

ஒரு வாரத்தில் குழாயை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். முகம் இறங்கிவிட்டது. கழுத்தில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது, அது மெதுவாகக் கரையும் என்றார்கள். தினமும் காலையில் காபி டம்ளரை வைத்துவிட்டு, அம்மா அவர் கழுத்தில் இரண்டு விரலை வைத்துப் பார்ப்பார். “இன்னும் கொஞ்சம் இருக்கு.” மறுநாள், “இங்க மட்டும்தான் இருக்கு.” கார்த்திகைக்குப் பொரி உருண்டை பிடித்த அன்று எதுவும் கையில் தட்டுப்படவில்லை.

ஆறாவது வாரம் பரிசோதனைக்குப் போனார்கள். எக்ஸ்ரேயைப் பார்த்த மருத்துவர், நுரையீரல் முழுசாக விரிந்திருக்கிறது, விலாவும் கூடிவருகிறது என்றார். பெரியவர் எழுந்திருக்கவில்லை.

“இன்னும் ஏதாவது கேக்கணுமா ஐயா?”

“வண்டி... ஓட்டலாமா டாக்டர்?”

மருத்துவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா முந்தானை முடிச்சை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சாவி அதற்குள்தான் இருந்தது.

“மழைக்காலம் முடியட்டும்” என்றார் அம்மா.